நகல்: குளத்துக்கும்

வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள்.
அம்பை ஆஸ்பத்திரி வரிசையில்
எனக்கு முன்னால் முப்பத்தொரு கை.
ரத்தக்குழாய் சிக்காமல்
இரண்டு தரம் குத்தினாள் அந்தப் பெண்.
"சதை மூடிக் கெடக்கு யக்கா" என்றாள்,
குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில்.

கன்னடியன் கால்வாயில் லஸ்கர் வேலை எனக்கு.
அவர் செத்த வகையில் கிடைத்தது.
கூடவே ஷட்டர் சாவியும்,
எனக்கு ஓட்டத் தெரியாத சைக்கிளும்.
ஒன்பது வருஷத்தில் பதினாலு கிலோ.
"மில்லு மொதலாளி பெண்டாட்டி கணக்கா ஆயிட்டியே உலகு"
என்கிறாள் நாத்தனார்.
ராத்திரி ரெண்டு தோசையோடு நான் எழுந்துவிடுவது
அவள் கணக்கில் வராது.

சீட்டில் டிஎஸ்எச் ஆறு புள்ளி ஒன்பது.
டி ஃபோர் சரியாகத்தான் இருக்கிறது.

டாக்டர் ஆரிஃபா சீட்டைத் திருப்பி
ஒரு தலை வரைந்தார், கழுத்து வரைந்தார்,
இடுப்புக்கு வந்தபோது
தாளில் இடம் போதவில்லை.
மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒன்று,
அங்கிருந்து தொண்டைக்கு வரும் உத்தரவுதான் இது:
திற, இன்னும் கொஞ்சம் திற.
கொழுப்பும் சும்மா கிடப்பதில்லையாம்.
லெப்டின் என்று ஒரு சேதியை
ஓயாமல் மேலே அனுப்புகிறது:
இருப்பு இவ்வளவு, இருப்பு இவ்வளவு.
அதைப் பார்த்து மேலே
உத்தரவு கூடும், குறையும்.

"உத்தரவு தொண்டைக்கு மட்டும் போகலம்மா,
கொழுப்புக்கும் அத வாசிக்கத் தெரியும்.
வாசிச்சிட்டுப் பதிலும் போடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் செக்‌ஷன் ஆபீஸ் கடிதமும் அப்படித்தான்.
பெறுநர்: ஷட்டர்.
நகல்: குளத்துக்கும்.

"எது மொதல்ல டாக்டர்,
சேதி கூடுனதால உத்தரவா
உத்தரவு கூடுனதால சேதியா?"
பேனாவை மூடினார்.
"அதத்தான் இன்னும் ஆராய்ச்சி பண்ணுதாவ."
லெப்டின் பார்க்க இங்கே வசதியில்லை.
மாத்திரை இப்போதைக்கு இல்லை.
மூன்று மாதம் கழித்து இன்னொரு ஊசி.

கல்லிடைக்குறிச்சி வரை பஸ்ஸில் நின்றே வந்தேன்.

அவர் போன வருஷம்
நாற்பது நாள் கஞ்சித்தண்ணீர்தான்.
சித்திரை வெயிலில் விரல் சில்லிட்டுக் கிடந்தது.
தலைமுடி கையோடு வந்தது.
துக்கம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இப்போது தோன்றுகிறது:
குளம் வற்றிய சேதி மேலே போயிருக்கும்,
உத்தரவு சுருங்கியிருக்கும்,
ஷட்டரை ஒருச்சாண் விட்டு அடைத்திருக்கும்.
நான் செத்தால் தேவலை என்று படுத்திருந்த நாளில்
என் உடம்பு எனக்குத் தெரியாமல்
என்னை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

போன கார்த்திகை வேறு மாதிரி.
கருங்காட்டுக் குளத்து நீர்பாய்ச்சி சொரிமுத்து
மழை தொடங்கியதிலிருந்து ஒரே போன்.
"குளம் பெருகுது, குளம் பெருகுது."
சாயங்காலமும் அதே, பத்து மணிக்கும் அதே.
கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்
போனை ஊமையாக்கிவிட்டுத் தூங்கினேன்.
விடிந்து பார்த்தால் பதினேழு தவறிய அழைப்பு.
கரை உடைந்து
நாற்று ஒன்பது ஏக்கர் மண்ணுக்குள்.
எல்லாரும் குளத்தைத்தான் வைதார்கள்,
'இவ்வளவு தண்ணி அதுக்கு என்னத்துக்கு' என்று.
அது பதினேழு தரம் சொன்னதை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று ராத்திரி சட்டையை மாற்றும்போது
இடுப்பு மடிப்பில் கை பட்டது.
ஏசவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.
என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாயோ,
எத்தனை தரமோ.

பதினொன்றரைக்கு போன் அடித்தது.
முதல் மணியிலேயே எடுத்தேன்.
"குளம் முக்காலாச்சு யக்கா."
டார்ச்சும் சாவியுமாய்க் கரையில் இறங்கி
இரண்டு சுற்று அடைத்தேன்.
தண்ணீர்ச் சத்தம் மாறுவதைக் கேட்டபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு
அரைச் சுற்று திறந்தேன்.